பெயரைக் கடைசியில் வையுங்கள்: கிளாசிக் டெக்னிக்கல் ரெஸ்லர் ஒருவரைக் கற்பனையில் உருவாக்க முழு வழிகாட்டி

தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில், பை தைக்கும் பட்டறைக்கு மேலே ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும், மெஷின் சத்தம் இருக்காது. அங்கே ஏழெட்டுப் பையன்கள் கூடி ரெஸ்லிங் கதை எழுதுகிறோம், படம் வரைகிறோம், சத்தமாக வாசித்துக் காட்டுகிறோம். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதல் நாள் நோட்டில் எழுதிக்கொண்டு வருவது இதைத்தான்: பெயர், முகமூடி, என்ட்ரி பாட்டு.

பறந்து பறந்து அடிக்கிற வீரருக்கு அந்த வரிசை ஓரளவு தாங்கும். பிடி, பூட்டு, எதிர்ப்பிடி என்று தரையோடு தரையாக ஆடுகிற டெக்னிக்கல் ரெஸ்லருக்குத் தாங்காது. மூன்றாம் பக்கத்திலேயே சரக்கு தீர்ந்து, சண்டை போட வேண்டியவன் வசனம் பேச ஆரம்பித்துவிடுவான்.

அதனால் இங்கே வரிசை தலைகீழ். கடைசிப் பிடி முதலில், பெயர் கடைசியில். வழிநெடுக ஒரே ஓர் ஆளை உருவாக்கிக் காட்டுகிறேன். எட்டாம் படி வரைக்கும் அவன் வெறும் ‘நம்ம ஆள்’தான்.

தொடங்கும் முன் வேண்டியவை

இரண்டு பழைய மெத்தை, கூட ஓர் ஆள், ஒரு நோட்டு, ஒரு கடிகாரம். மெத்தை எதற்கென்றால், எழுதுகிற பிடியில் யார் கை எங்கே இருக்கிறது என்று படுத்துப் பார்க்காமல் தெரியாது. போட்டுப் பார்க்கும்போது அழுத்தம் கூடாது. கை கால் இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டு தட்டினால் அந்த நொடியே விட வேண்டும். கழுத்துப் பிடிகளைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம், வீடியோவில் பார்த்தால் போதும்.

பார்க்க வேண்டிய ஆட்டங்கள் மூன்று. ஒன்று, 1975 டிசம்பர் 11 அன்று பில்லி ராபின்சனும் அன்டோனியோ இனோகியும் 60 நிமிடம் ஆடி, ஆளுக்கு ஒரு தடவை வீழ்த்தி 1-1 என்று சமனில் முடித்தது. இரண்டு, 1997 மார்ச் 23 அன்று பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் ஆடிய, எதிராளியைச் சரணடைய வைப்பதே குறியான சப்மிஷன் ஆட்டம். மூன்றாவது, பிரிட்டனின் ஜானி செயின்ட் ஆடிய எதுவானாலும் சரி.

முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் பேசினால் நாம் அவர் சொல்வதைத்தான் பார்ப்போம். எத்தனையாவது நிமிடத்தில் எந்த உறுப்பில் கை விழுகிறது என்று மட்டும் நோட்டில் குறியுங்கள். இந்த ஒரு பக்கக் குறிப்பு பிறகு நிறைய வேலை மிச்சப்படுத்தும்.

உங்கள் கதை உலகத்தின் விதிகளை அரைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். தோள் இரண்டும் தரையில் பட்டால் மூன்று எண்ணிக்கை. ரோப்பைப் பிடித்துவிட்டால் ஐந்து எண்ணுவதற்குள் பிடியை விட வேண்டும். ரிங்குக்கு வெளியே போனவன் உள்ளே திரும்ப, அமெரிக்க மேடைகளில் பொதுவாகப் பத்து எண்ணுவார்கள், ஜப்பானில் இருபது. பழைய பிரிட்டிஷ் முறையில் ரவுண்டு உண்டு, ஜெயிக்க இரண்டு ஃபால், அதாவது எதிராளியை இரண்டு தடவை வீழ்த்துவது, வேண்டும். எதை எடுத்தாலும் சரி, நடுவில் மாற்றாதீர்கள். டெக்னிக்கல் வீரன் விதியையும் ஒரு பிடி மாதிரிதான் கையாளுவான்.

1. கடைசிப் பிடியைத் தேர்ந்தெடுங்கள்

கேட்க வேண்டிய கேள்வி மூன்று. எங்கே வலிக்கும்? எந்த அளவு ஆள்மீதும் போட முடியுமா? போடும்போது நம்ம ஆள் எந்த நிலையில் இருக்கிறான்? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஆளின் குணம் கிடைப்பதோ அதில்தான்.

எதிராளியின் கால்களை 4 வடிவில் பின்னிப் பூட்டுகிற ஃபிகர் ஃபோர் போடுகிறவன் தானும் மல்லாந்து கிடக்கிறான். எதிராளியின் முகம் தெரியும், தன் முதுகும் தரையில். குப்புறக் கிடப்பவனின் இரு காலையும் தூக்கி வளைக்கிற பாஸ்டன் கிராப் போடுகிறவன் எதிராளிக்கு முதுகு காட்டிக் குந்துகிறான். தான் கொடுக்கிற வலியை அவன் பார்ப்பதே இல்லை. எஸ்டிஎஃப் போடுகிறவன் குப்புறக் கிடக்கிறவன் முதுகின்மேல் கிடக்கிறான். வாய் எதிராளியின் காதருகே, அவன் மூச்சு வாங்குவது இவனுக்குக் கேட்கும். மூன்று பிடிக்கும் மூன்று வேறு மனிதர்கள்.

நாங்கள் எடுத்தது எஸ்டிஎஃப். எதிராளி குப்புறக் கிடக்கிறான். அவனுடைய ஒரு கணுக்காலை மடக்கித் தன் இரு தொடைக்கு இடையில் செருகிக்கொண்டு, மேலே படர்ந்து, முகத்தைச் சுற்றி இரு கையையும் கோத்துப் பின்னால் இழுப்பது. நம் ஊரில் உடும்புப்பிடி என்பார்களே, பார்க்க அதே மாதிரி.

“அது ஜான் சீனா பிடிண்ணே, காப்பின்னு சொல்லுவாங்க” என்றான் ஒருவன். சீனாவுக்கு முன்னால் ஜப்பானில் மசாஹிரோ சோனோ போட்டார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அமெரிக்க வீரர் லூ தெஸ். அந்த தெஸ் 1968-ல் இதே மும்பைக்கு வந்து தாரா சிங்கிடம் தோற்றுப் போனார். பிடி யாருடைய பட்டா நிலமும் கிடையாது. அந்தப் பிடிக்குப் போய்ச் சேர்கிற பாதைதான் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

இந்தப் படியில் வருகிற பெரிய தவறு, புதுப் பிடி கண்டுபிடிப்பது. ‘நாகபாசம்’ என்று ஒன்று எழுதிவந்தார்கள். எதிராளியின் இரு கையும் ஒரு காலும் கழுத்தும் ஒரே சமயத்தில் பூட்டப்பட வேண்டுமாம். மெத்தையில் போட்டுப் பார்த்தால் போடுகிறவனுக்கு மூன்று கை தேவைப்பட்டது.

2. அந்தப் பிடி எந்த உறுப்பைத் தின்கிறது என்று பாருங்கள்

எஸ்டிஎஃப் முழங்காலையும் கணுக்காலையும் மடக்கும், கழுத்தை இழுக்கும். ஆக, ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே காலையும் கழுத்தையும் பதம் பார்த்துக்கொண்டே வர வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் முதன்மையாக வையுங்கள். நாங்கள் காலை வைத்தோம்.

எந்தக் கால்? இடது. அமெரிக்க, பிரிட்டிஷ், ஜப்பானிய பாணிகளில் பெரும்பாலும் இடது பக்கத்தில்தான் வேலை நடக்கும். மெக்சிகோவின் லூச்சா லிப்ரேயில் மரபுப்படி வலது பக்கம். இருவரும் ஒரே வழக்கத்தில் பழகியிருந்தால்தான் மேடையில் மோதிக்கொள்ளாமல் ஆட முடியும். எழுத்தாளருக்கும் ஒரு லாபம் உண்டு: பக்கத்தை ஒரு தடவை முடிவு செய்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

அடுத்து, இடது காலை நோகடிக்க ஆறு வழியை லேசானதிலிருந்து கடுமையானது வரை எழுதுங்கள். எங்கள் பட்டியல்: காலை வாரி முகம் தரையில் பட விழவைக்கிற டிராப் டோஹோல்ட், கணுக்காலை முறுக்குதல், முழங்கால் உட்புறத்தில் உதை, காலைத் தூக்கி முழங்காலைத் தரையில் மோதுதல், ரோப்பில் காலைப் போட்டு மேலே விழுதல், கால்களைப் பின்னிப் பூட்டுகிற இன்டியன் டெத்லாக். இந்த வரிசையில்தான் போக வேண்டும். முதலிலேயே ஐந்தாவதைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு வருகிற கணுக்கால் முறுக்கலை வாசகர் கண்டுகொள்ளவே மாட்டார்.

இதற்கு இணையாக இன்னொரு பட்டியல் கட்டாயம் வேண்டும்: நொந்த காலால் எதிராளிக்கு எதெல்லாம் முடியாது? ஓட முடியாது. மேல் ரோப்பில் ஏற முடியாது. கனமான ஆளைத் தூக்கி நிற்க முடியாது. உடம்பைப் பாலமாக வளைத்து எதிராளியின் தோளைத் தரையில் அழுத்த முடியாது.

நான் பட்டுத்தான் கற்றேன். என் முதல் கதையில் எட்டு நிமிடம் ஒருவன் முழங்காலை உடைத்துவிட்டு, அடுத்த பத்தியிலேயே அவனை மேல் ரோப்பிலிருந்து குதிக்கவைத்தேன். வாசித்து முடித்ததும், ஓரமாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “ஏலே, அவனுக்கு மொத்தம் எத்தன காலு?” அறையே சிரித்தது. கதையைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இந்த இரண்டாம் பட்டியலை எழுத ஆரம்பித்தேன்.

3. பன்னிரண்டு பிடிக்கு ஒரு நோட்டு போடுங்கள்

பன்னிரண்டு போதும். ஆயிரம் பிடி தெரிந்தவர் என்ற பட்டம் டீன் மலென்கோவுக்கு இருந்தது, ஜானி செயின்டுக்கும் இருந்தது. பட்டம் அப்படி இருக்கலாம். வாசகருக்கு ஒரு கதையில் ஞாபகம் நிற்பது ஏழோ எட்டோதான்.

ஒரு பிடிக்கு ஒரு பக்கம். அதில் மூன்று தலைப்பு: எப்படி நுழைகிறான், எப்படி நிறுத்தி வைக்கிறான், எதிராளி எப்படித் தப்பிக்கிறான். மூன்றாவதன் கீழ் குறைந்தது இரண்டு வழியும், ஒவ்வொரு வழிக்கும் நம்ம ஆளின் பதிலும் எழுத வேண்டும். எழுதி முடித்தால் ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்குத் தானாகவே சங்கிலி கோத்துவிடும். ஆட்டம் எழுதும்போது யோசிக்க வேண்டியது பாதியாகக் குறையும்.

ஹெட்லாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சாதாரணமென்று தாண்டிப் போகிற பிடி. இடது கையால் எதிராளியின் தலையைச் சுற்றி விலாவோடு அணைத்து நிற்கிறான். எதிராளிக்குத் தப்ப வழி மூன்று. ரோப் பக்கம் தள்ளி, மோதித் திரும்புகிற வேகத்தில் உதறலாம். இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பின்புறமாக வீசலாம். தரையில் விழுந்தபின் இரு காலாலும் நம்ம ஆளின் தலையைக் கவ்வலாம். முதல் வழிக்கு நம்ம ஆளின் பதில், திரும்பி வரும்போது காலை வாருவது. இரண்டாவதற்கு, தூக்குகிறவன் ஊன்றியிருக்கிற இடது காலைத் தன் காலால் கொக்கி போடுவது. பார்த்தீர்களா, இரண்டு பதிலும் நாம் தேர்ந்தெடுத்த காலுக்கே வந்து சேர்கின்றன. அப்படி வராத பிடியைப் பன்னிரண்டிலிருந்து தூக்கிவிட்டு வேறு ஒன்றை வையுங்கள்.

மெத்தை இந்தப் படியில்தான் அதிகம் வேலை செய்யும். ஒரு பையன் எழுதியிருந்தான்: ‘ஹேமர்லாக்கில் சிக்கிய இடது கையை ஓங்கி அறைந்தான்.’ ஹேமர்லாக் என்றால் கை முதுகுக்குப் பின்னால் மடங்கி ஏறியிருக்கும். அவனையே நிற்க வைத்து லேசாகக் கையை மடக்கி, “அறைடா” என்றேன். வாலைப் பிடிக்கப் போகிற நாய் மாதிரி மூன்று சுற்று சுற்றினான். பிறகு அவனே வலது முழங்கையைப் பின்னால் வீசிப் பார்த்தான். அது என் காதோரம் வந்து போனது. சரியான பதில் அதுதான், நோட்டில் ஏறியது.

4. உடம்பையும் பயிற்சியையும் பிடிக்கு ஏற்ப அமையுங்கள்

இதுவரை நம்ம ஆளுக்கு ஊர் இல்லை, வயதில்லை. இப்போது கேளுங்கள்: இப்படிப் பிடிக்கிறவன் எங்கே கற்றிருப்பான்?

எங்கள் ஆள் தாராவியில் பிறந்தவன், அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். 5 அடி 9 அங்குலம், 84 கிலோ. தோல் பட்டறையில் வேலை; பதப்படுத்திய தோலை இழுத்துப் பிடித்து வெட்டுகிற கை, கட்டைவிரல் பலம் அதில் வந்தது. பூட்டு ரிப்பேர் பார்க்கிறவர் மகனாக வைக்கலாம் என்று ஒருவன் சொன்னான். பூட்டு என்ற சொல்லுக்காக எல்லாரும் கைதட்டினார்கள், நான் வேண்டாமென்றேன். முதல் வரியிலேயே கடைசி வரி தெரிந்துவிடும்.

முதல் பயிற்சி மராத்திப் பையன்களோடு தாலீம் என்கிற குஸ்திக் கூடத்தில், மண்ணில். மஞ்சளும் எண்ணெயும் மோரும் கலந்த செம்மண், தண்டால், பைட்டக் என்கிற உட்கார்ந்து எழும் பயிற்சி, சொல்லிக்கொடுக்கிறவர் வஸ்தாத். மண் குஸ்தியில் எண்ணிக்கை கிடையாது. முதுகு மண்ணில் பட்டால் அதோடு முடிந்தது. தோற்கடிப்பதை மராத்தியில் ‘ஆகாசத்தைக் காட்டுவது’ என்பார்கள். மல்லாந்து கிடப்பவனுக்கு வேறு என்ன தெரியும்? நாமோ தோற்றவன் மண்ணைக் கவ்வினான் என்கிறோம், மீசையில் மண் ஒட்டவில்லை என்று கேலி செய்கிறோம். அந்தக் கணக்கில் நம் பழமொழிக்காரர் குப்புற விழுந்தவரைத்தான் பார்த்திருக்கிறார். மராத்திக்காரர் கேட்டால் அது தோல்வியே இல்லையே என்பார்.

இந்த ஒரு விஷயத்தை நம்ம ஆளின் உடம்பில் வையுங்கள். பத்து வருடம் முதுகைக் காப்பாற்றியே பழகியவன். தொழில்முறை ரெஸ்லிங்குக்கு வந்ததும் அவனுக்கு முதல் பாடம் முதுகில் விழுவது: தாடையை நெஞ்சில் ஒட்டவைத்து, மேல்முதுகு பட, கைகளைத் தட்டி விழ வேண்டும். தலை மோதாமலிருக்கத்தான் தாடையை ஒட்டுவது. இதைத் தினம் ஐம்பது தடவை செய்யச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அரை நொடி தயங்குகிறான். குப்புறக் கிடத்திப் போடுகிற எஸ்டிஎஃப் ஏன் அவன் பிடி, மல்லாந்து போடுகிற ஃபிகர் ஃபோர் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் இப்போது கிடைத்துவிட்டது. கடைசிப் பிடியை முதலில் எடுத்ததால் கிடைத்தது இது. ஊரிலிருந்து தொடங்கியிருந்தால் அவன் வறுமையைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருப்போம்.

5. குணத்தை ஓர் எண்ணால் குறியுங்கள்

நல்லவனா வில்லனா என்று வாக்கியம் வாக்கியமாக விளக்காதீர்கள். ஒரே கேள்வி போதும்: எதிராளி ரோப்பைப் பிடித்துவிட்டான், நடுவர் எண்ணுகிறார். நம்ம ஆள் எந்த எண்ணில் விடுவான்?

ஒன்றில் விடுகிறவன் கண்ணியமானவன். நாலு வரை வைத்திருக்கிறவன் விதியை மீறவில்லை, ஆனால் கூட்டம் அவனை வெறுக்கும். எங்கள் ஆள் வழக்கமாக இரண்டில் விடுவான். கதையில் ஒரே ஒரு நாள் நாலு வரை போகிறான். ஏன் என்று அவன் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, எண்ணிக்கொண்டிருந்த வாசகருக்குத் தெரியும்.

அடுத்தது, தோற்பவருக்கும் மரியாதை வேண்டும். 1997 ஆட்டத்தில் ஆஸ்டின், ஹார்ட்டின் ஷார்ப்ஷூட்டர் என்ற கால் பூட்டில் சிக்கி ரத்தம் வழிய மயங்கினாரே தவிரச் சரணடையவில்லை. பிடியும் மதிப்பு இழக்கவில்லை, ஆளும் இழக்கவில்லை. ஹார்ட் ஜெயித்து வில்லனாக வெளியே போனார், ஆஸ்டின் தோற்று நாயகனானார். உங்கள் ஆள் போடுகிற பிடியில் எல்லாரும் பத்து நொடியில் தட்டிவிட்டால், நீங்கள் மட்டமாக்கியது எதிராளியைத்தான். அவனை ஜெயித்ததில் பெருமை ஏது?

6. எதிராளிகளை இந்த வரிசையில் எழுதுங்கள்

முதலில் பெரிய உடம்புக்காரன். தூக்க முடியாதவனைக் கீழே கொண்டுவர கால் மட்டுமே வழி என்பதால் நம்ம ஆளின் முறை வாசகருக்குச் சட்டென்று பிடிபடும்.

அடுத்து பறக்கிறவன். இங்கே காலின் பொருள் மாறும்: காலை எடுத்துவிட்டால் அவனுக்கு ஆட்டமே இல்லை. ஆனால் முதல் ஐந்து நிமிடம் அவன் நம்ம ஆள் கையிலேயே சிக்கக் கூடாது. நம்ம ஆள் மூன்று தடவை வெறுங்கையோடு நிற்க வேண்டும்.

இன்னொரு டெக்னிக்கல் வீரன் கடைசியில்தான். புதியவர்கள் ஆசையாக முதலில் எழுதுவது இதைத்தான். இரண்டு கணக்குப்பிள்ளைகள் பேரேடு சரிபார்ப்பது போல முடியும். இந்த ஆட்டத்துக்குக் கொஞ்சம் குறும்பு வேண்டும். ஜானி செயின்ட் கை காலை உள்ளே இழுத்துப் பந்து மாதிரி சுருண்டு உட்கார்ந்துகொள்வார். எதிராளிக்குப் பிடிக்க ஒரு முனையும் கிடைக்காது. சுற்றிச் சுற்றி வந்து முழிப்பார். பிடியே தராமல் இருப்பதும் ஒரு பிடிதான் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

7. ஓர் ஆட்டத்தை எழுதுங்கள்

இருபது நிமிட ஆட்டம் என்று வையுங்கள். நோட்டின் ஓரத்தில் நிமிடக் கோடு போட்டு, முதல் நாலு நிமிடத்துக்கு ஆழம் பார்க்கிற பிடிகள் மட்டும். அடுத்த மூன்றில் இடது கால் முதல் தடவை நோகிறது. திட்டமிட்டு நடந்தால் நம்ம ஆள் கெட்டிக்காரன், தற்செயலாக நடந்து அதை அவன் கவனித்துவிட்டால் இன்னும் கெட்டிக்காரன். பிறகு எதிராளியின் கை ஓங்க வேண்டும், குறைந்தது ஆறு நிமிடம். இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் சுருக்குகிறார்கள். நாயகன் அடி வாங்குவது எழுத மனசு வராது. ஆனால் எதிராளி ஜெயித்துவிடுவான் போலிருக்கிறதே என்ற பயம் வாசகருக்கு வராவிட்டால் கடைசிப் பிடிக்கு யாரும் எழுந்து உட்கார மாட்டார்கள்.

ரோப்புக்கு எவ்வளவு தூரம் என்பதை எப்போதும் சொல்லுங்கள். ரிங் 20 அடிச் சதுரம் என்றால் நடுவிலிருந்து ரோப் 10 அடி. நடுவில் குப்புறக் கிடப்பவன் கையை நீட்டினால் இடுப்பிலிருந்து நாலரை அடி எட்டும். மிச்சம் ஐந்தரை அடி. அந்த ஐந்தரை அடியை 84 கிலோவை முதுகில் சுமந்துகொண்டு ஊர வேண்டும். வீராவேசமான உவமையெல்லாம் தேவையே இல்லை.

எங்கள் நோட்டிலிருந்து ஒரு துண்டு, பெரிய உடம்புக்காரனோடு ஆடியது:

‘பெரியவன் ஊர ஆரம்பித்தான். முதல் அடி சுலபம். இரண்டாவதில் இடது முழங்கால் மடங்கிய இடத்திலிருந்து ஒரு சத்தம் போட்டான், வார்த்தையாக வரவில்லை. நம்ம ஆள் கையை இறுக்கவில்லை. இறுக்கினால் ஆத்திரத்தில் வேகம் வரும் என்று தெரியும். உடம்பை மட்டும் அரை அடி பின்னால் நகர்த்தினான். பெரியவன் நகர்ந்ததில் பாதி போயிற்று. கைவிரல் ரோப்பைப் பார்த்து விரிந்தது, மூடியது, விரிந்தது. நடுவர் குனிந்து கேட்டார். பெரியவன் தலையை ஆட்டினான், இல்லை. பிறகு, யாரும் கேட்காதபோது, தரையை இரண்டு தடவை மெதுவாகத் தட்டினான். கதவு தட்டுகிற மாதிரி.’

இதில் பிடியின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை, கவனியுங்கள். பெயரை அறிவிப்பாளர் சொல்லட்டும். எழுதுகிறவர் கையையும் எடையையும் தூரத்தையும் சொன்னால் போதும். ‘ஆர்ம்பார் போட்டான், ஹெட்லாக் போட்டான், சூப்ளெக்ஸ் போட்டான்’ என்று அடுக்கினால் மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும்.

8. இப்போது பெயர், உடை, நுழைவு

சீக்கிரம் முடியும். இந்தப் பாணியில் பேர்பெற்றவர்களின் பெயர்களைப் பாருங்கள்: லூ தெஸ், பில்லி ராபின்சன், பிரெட் ஹார்ட். சாதாரண மனிதப் பெயர்கள். வித்தை பேசுகிற இடத்தில் பெயர் கத்த வேண்டியதில்லை. எங்கள் ஆளின் வீட்டுப் பெயர் சுடலைமுத்து. மும்பை அறிவிப்பாளர் வாயில் அது என்ன பாடுபடும் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, மேடைக்கு ‘முத்து’ என்று வைத்தோம்.

கறுப்பு டிரங்ஸ், கறுப்பு பூட்ஸ், இடது முழங்காலில் மட்டும் பேடு. பாட்டு கிடையாது, பெயரைக் கூப்பிட்டதும் நடந்து வருவான். கருஞ்சிறுத்தை முகமூடி கேட்ட பையனுக்கு இன்னமும் என்மேல் கோபம்.

9. வெளியே காட்டும் முன் சரிபாருங்கள்

சத்தமாக வாசியுங்கள், கேட்பவர்களில் ஒருவராவது ரெஸ்லிங் பார்க்காதவராக இருக்கட்டும். எங்களுக்கு அது கீழே டீக்கடை வைத்திருக்கிற அக்கா. “இப்ப யாரு மேல கெடக்கா?” என்று அவர் கேட்டால் அந்தப் பத்தியைத் திரும்ப எழுத வேண்டும். மாற்றி மாற்றி ‘அவன்’ ‘அவன்’ என்று எழுதினால் இது நடந்தே தீரும். ஒருவனுக்கு மட்டும் ‘அவன்’ வைத்துக்கொண்டு மற்றவனுக்கு ‘பெரியவன்’ மாதிரி ஓர் அடையாளம் கொடுத்துவிடுங்கள்.

பிறகு இடது வலதுகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு ஒரு சுற்று. அதன்பின் நொந்த காலின் பட்டியலை வைத்துக்கொண்டு இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் நேரம்: எழுதியதை நடக்கிற வேகத்தில் வாசித்தால் இருபது நிமிடம் என்று நீங்கள் சொன்ன ஆட்டம் நாலு நிமிடத்தில் முடிகிறதா? அப்படியானால் எதிராளி ஓங்கிய பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

10. ஓர் ஆட்டத்தை ஒளித்து வையுங்கள்

பத்துப் பன்னிரண்டு ஆட்டம் எழுதியபின் நம்ம ஆள் வாசகருக்குப் பழகிவிடுவான். அப்போது அவனுடைய பழக்கத்துக்கு எதிரான ஒன்று கையிருப்பில் இருக்க வேண்டும். அதை முன்கூட்டியே யோசித்து வைத்து, வாய் திறக்காதீர்கள்.

எங்களுடையது இது. எதிராளி முத்துவின் இடது கையையே நோகடித்துக்கொண்டு வருகிறான். கடைசியில் எஸ்டிஎஃப் போட முத்துவால் இரு கையையும் கோக்க முடியவில்லை. கால் மட்டுமே மிச்சம். காலால் போடுகிற ஃபிகர் ஃபோருக்கு அவன் தன் முதுகைத் தரையில் வைத்தாக வேண்டும். பத்து வருட மண் வேண்டாம் என்கிறது. ஆபத்து நிஜமானதும்கூட: போடுகிறவனின் தோள் இரண்டும் தரையில் பட்டால் நடுவர் அவனுக்கும் மூன்று எண்ணலாம். தான் போட்ட பிடியிலேயே தோற்கலாம். எனவே ஒரு தோளை உயர்த்தியபடியே பிடித்திருக்க வேண்டும்.

எந்தத் தோள் என்பதில் இன்னும் ஒத்துவரவில்லை. மெத்தையில் போட்டுப் பார்த்தோம். நோகாத வலது தோள் தடையில்லாமல் எழும்புகிறது. முகமூடி கேட்ட பையன் மட்டும் விடமாட்டேன் என்கிறான்: “இடதுதாண்ணே. வலதுன்னா அவனுக்கு என்ன கஷ்டம்?” வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு விதமாகவும் எழுதி, டீக்கடை அக்காவிடம் வாசித்துக் காட்டப் போகிறோம்.